நாடாளுமன்றக் கேள்விகளுக்கு அரசு தரும் எழுத்துப்பூர்வ பதில்களால் மக்களுக்கு உண்மையில் பயன் உண்டா?

உண்டு. மலக்குழிகளில் இறந்துபோன தொழிலாளர்களின் குடும்பங்கள் இழப்பீடு கேட்டு மனுப் போடும்போது கூட நிற்கிறவன் நான். எங்கள் மனுக்களோடு இணைக்கும் காகிதங்களில் உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்கு அடுத்த இடம், மக்களவையிலும் மாநிலங்களவையிலும் அமைச்சர்கள் தந்த பதில்களுக்குத்தான். ஆகவே எனக்குத் தெரிந்த இந்த வழியிலேயே சொல்கிறேன்.

முதலில் நடைமுறை, சுருக்கமாக. மக்களவையில் ஒரு நாளைக்கு 20 கேள்விகள் நட்சத்திரக் குறியோடு வரும். அவற்றுக்கு அமைச்சர் எழுந்து பதில் சொல்ல வேண்டும், துணைக் கேள்வியும் கேட்கலாம். ஒரு மணி நேரத்தில் அந்த 20-ஐயும் முடிப்பது அரிது. இன்னும் 230 கேள்விகள் குறியில்லாதவை. பதில் எழுத்தில் மட்டும் வரும். மாநிலங்களவையில் இது 15, 160 என்ற கணக்கு. தொலைக்காட்சியில் நாம் பார்ப்பது அந்தச் சில வாய்மொழிப் பதில்களை மட்டுமே. சரக்கு பெரும்பாலும் குறியில்லாத பதில்களின் இணைப்புப் பட்டியல்களில்தான் கிடக்கிறது.

இப்போது 2021 மழைக்காலக் கூட்டத்தொடருக்கு வருவோம். கையால் மலம் அள்ளும் தொழிலால் எத்தனை பேர் இறந்தார்கள் என்று மாநிலங்களவையில் கேட்கப்பட்டது. சமூக நீதித் துறை இணை அமைச்சர் ராம்தாஸ் அதாவாலே, அப்படி ஒரு மரணமும் பதிவாகவில்லை என்று பதில் தந்தார். செய்தி வந்த அன்று எங்களோடு இருந்த குடும்பங்கள் பட்ட வேதனையைப் பக்கத்திலிருந்து பார்த்தவன் நான். கணவனைக் குழிக்குக் கொடுத்த ஒரு பெண்ணிடம் அவர் சாகவே இல்லை என்று சொல்வதற்குச் சமம் அது. ஆனால் அதே கூட்டத்தொடரில் அதே அமைச்சகம் தந்த இன்னொரு பதிலில், சாக்கடையையும் செப்டிக் டேங்கையும் சுத்தம் செய்யும்போது இறந்தவர்கள் 941 பேர் என்றிருந்தது. அதில் தமிழ்நாட்டவர் மட்டும் 200-க்கும் மேல். நாட்டிலேயே முதலிடம்.

ஒரே அமைச்சகத்திலிருந்து இரண்டு பதில்கள் எப்படி வந்தன? கையால் மலம் அள்ளுவதைத் தடை செய்யும் 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தில் இரண்டு தனித்தனி வரையறைகள் இருக்கின்றன. சுகாதாரமற்ற கழிப்பறையிலிருந்து மலத்தைக் கையால் அள்ளிச் சுமப்பது ஒன்று. பாதுகாப்புக் கருவிகள் இல்லாமல் சாக்கடையிலோ செப்டிக் டேங்கிலோ ஆளை இறக்குவது மற்றொன்று. சட்டம் இதை ‘அபாயகரமான சுத்திகரிப்பு’ என்கிறது. விஷவாயு தாக்கிச் சாவது பெரும்பாலும் இரண்டாவதில். கேள்வி முதல் வரையறையைச் சொல்லிக் கேட்டால், அதிகாரி அந்தக் கட்டத்தை மட்டும் பார்த்து ‘இல்லை’ என்று எழுதிவிடுகிறார். சட்டப்படி அந்தப் பதிலில் பிழை கண்டுபிடிப்பது கடினம். மனசாட்சிப்படி அது பெரிய பிழை, அதைச் சொல்ல எனக்குத் தயக்கமில்லை. 941 என்ற எண் கையில் இருக்கும் அமைச்சகம் அதை அந்த முதல் பதிலிலேயே சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டும்.

ஆனாலும் அந்த இரண்டாவது பதில்தான் எங்களுக்கு ஆயுதமாயிற்று. ஒரு மாவட்ட அலுவலகத்தில், இறந்தவர் தனியார் வீட்டு செப்டிக் டேங்கில் இறங்கியவர், பாதாளச் சாக்கடைத் தொழிலாளி இல்லை, அதனால் இழப்பீடு பொருந்தாது என்று மனுவைத் திருப்பினார்கள். அமைச்சர் பதிலின் நகலை மறுமனுவோடு வைத்தோம். மத்திய அரசே சாக்கடை மரணங்களையும் செப்டிக் டேங்க் மரணங்களையும் ஒரே கணக்கில்தான் நாடாளுமன்றத்துக்குச் சொல்கிறது. அதற்குப் பிறகு அந்த வாதம் எழவில்லை. இழப்பீட்டுத் தொகை உச்ச நீதிமன்றம் வகுத்தது: 2014 தீர்ப்பில் 10 லட்சம், 2023 அக்டோபர் தீர்ப்பில் 30 லட்சம். தொகையைத் தீர்ப்பு சொல்லும். இன்னார் அந்தக் கணக்கில் வருகிறார் என்று காட்ட இந்தப் பதில்கள் உதவும்.

என்னை உலுக்கிய இன்னொரு பதில் 2021 டிசம்பரில் வந்தது. அடையாளம் காணப்பட்ட கையால் மலம் அள்ளுவோர் 58,098 பேர். அவர்களின் சாதி விவரம் கேட்கப்பட்டது. விவரம் உள்ள 43,797 பேரில் 42,594 பேர் பட்டியல் சாதியினர் என்று அரசே எழுதிக் கொடுத்தது. இதைத்தான் இயக்கங்கள் பல பத்தாண்டுகளாகச் சொல்லிவந்தன, ‘ஆதாரம் எங்கே’ என்று கேட்டவர்கள் உண்டு. இனி அதைக் கேட்க முடியாது. ஆதாரம் அவைக் குறிப்பில் இருக்கிறது, அழிக்க முடியாதபடி.

‘தகவல் இல்லை’ என்ற பதிலும் ஒரு தகவல்தான். 2020 செப்டம்பரில், கொரோனா ஊரடங்கின்போது ஊர் திரும்பும் வழியில் எத்தனை புலம்பெயர் தொழிலாளர்கள் இறந்தார்கள் என்று மக்களவையில் கேட்டபோது, அப்படிப்பட்ட தரவு பராமரிக்கப்படவில்லை என்றது தொழிலாளர் அமைச்சகம். இழப்பீடு பற்றிய பகுதிக்கு ‘கேள்வி எழவில்லை’ என்று பதில். ஊர் திரும்பியவர்கள் ஒரு கோடிக்கும் மேல் என்று எண்ணத் தெரிந்த அமைச்சகம், செத்தவர்களை எண்ணவில்லை. அதே வாரத்தில் மாநிலங்களவையில் ரயில்வே அமைச்சகத்திடம் கேட்டபோது, அந்தத் தொழிலாளர்களை ஊருக்கு ஏற்றிச் சென்ற ஷ்ராமிக் சிறப்பு ரயில்களில் செப்டம்பர் 9 வரை 97 பேர் இறந்ததாகப் பதில் வந்தது. ரயிலில் இறந்தால் ரயில்வே போலீஸ் பதிவு செய்தாக வேண்டும், அதனால் எண் இருந்தது. நெடுஞ்சாலையில் நடந்து விழுந்தவர்களை அப்படி ஒரே கணக்கில் தொகுத்து வைத்த துறை இல்லை. எந்த அமைச்சகத்தின் கோப்பில் எண் இருக்கும் என்று யோசித்துக் கேட்பவருக்குத்தான் எண் கிடைக்கும்.

கொரோனா இரண்டாம் அலையின்போது நேர்ந்த ஆக்சிஜன் பற்றாக்குறை மரணங்கள் குறித்து 2021 ஜூலையில் வந்த பதிலையும் இப்படியே படிக்க வேண்டும். யாரும் சாகவில்லை என்று பதில் சொல்லவில்லை. அப்படி இறந்ததாக மாநிலங்களும் யூனியன் பிரதேசங்களும் குறிப்பிட்டுத் தெரிவிக்கவில்லை என்றுதான் சொன்னது. நியாயமாகப் பார்த்தால் அடுத்த கேள்வி நம் சட்டமன்றங்களில் எழுந்திருக்க வேண்டும்: நீங்கள் ஏன் தெரிவிக்கவில்லை?

உங்கள் தொகுதி எம்.பி. மூலம் கேட்க நினைத்தால், கூட்டத்தொடர் தொடங்கும் முன்பே அவர் அலுவலகத்தைப் பாருங்கள். 15 நாள் முன்னறிவிப்பு தேவை, அதன் பிறகு எந்தக் கேள்விகளை எடுப்பது என்று குலுக்கல் வேறு. கேள்வி 150 சொற்களைத் தாண்டக் கூடாது, வாதமோ குற்றச்சாட்டோ இருந்தால் தள்ளுபடியாகிவிடும். அதனால் கோபத்தை வீட்டில் வைத்துவிட்டு, சட்டத்தில் உள்ள சொல்லை அப்படியே எடுத்து, மாநில வாரியாக, ஆண்டு வாரியாகக் கேட்கச் சொல்லுங்கள். நிதி பற்றியென்றால் ஒதுக்கீடு, விடுவிப்பு, செலவு மூன்றையும் பிரித்துக் கேட்க வேண்டும். ஒதுக்கீட்டை மட்டும் கேட்டால் பெரிய எண்ணைக் காட்டிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். இறப்பு எண்ணிக்கையோடு எத்தனை வழக்குகள் பதிவாயின, எத்தனை பேருக்குத் தண்டனை கிடைத்தது என்பதையும் கேளுங்கள். எனக்கு மிக முக்கியமாகப் படுவது இந்தக் கடைசிக் கேள்விதான். இழப்பீடு கொடுத்தால் கணக்கு முடிந்தது என்று நினைக்கும் ஒப்பந்ததாரர்கள் இருக்கும்வரை குழியில் ஆட்கள் இறங்கிக்கொண்டேதான் இருப்பார்கள்.

‘தகவல் சேகரிக்கப்பட்டு வருகிறது, அவையில் வைக்கப்படும்’ என்று பதில் வந்தால் சோர்ந்துவிட வேண்டாம். அது அரசு கொடுத்த உறுதிமொழியாகக் கணக்கில் ஏறும், மூன்று மாதத்துக்குள் நிறைவேற்ற வேண்டும். அதைக் கண்காணிக்க இரு அவைகளிலும் அரசு உறுதிமொழிக் குழுக்கள் இருக்கின்றன. பல உறுதிமொழிகள் ஆண்டுக்கணக்கில் இழுக்கின்றன என்பதும் உண்மை. எம்.பி. அலுவலகத்தை விடாமல் நினைவூட்டுவது நம் வேலை.

பதில்கள் நாடாளுமன்றத்தின் ‘சன்சத்’ இணையதளத்தில் ஆங்கிலத்திலும் இந்தியிலும் பிடிஎஃப்-ஆகக் கிடைக்கின்றன. தமிழில் இல்லை. மனுவோடு இணைக்கும்போது அவையின் பெயர், கேள்வி எண், தேதி மூன்றையும் எழுதி, கீழே நாலு வரியில் தமிழ்ச் சுருக்கம் சேருங்கள். இணைப்புப் பட்டியலைத் தனியாக அச்செடுத்து, உங்கள் மாநிலத்தின் வரியை அடிக்கோடிட்டுக் கொடுங்கள்.