திண்ணையில் ஒத்திகை

கேள்வி: முனைவர் பட்ட ஆய்வு மாணவி நான். நெல்லில் துத்தநாகக் குறைபாடுதான் என் தலைப்பு. அடுத்த மாதம் ஒரு கருத்தரங்கில் 12 நிமிடம் பேச வேண்டும். 34 ஸ்லைடுகள் தயார். மேடை என்றாலே கை நடுங்குகிறது, ஆங்கிலம் தடுமாறுகிறது. எங்கள் வயலில் மண் மாதிரி எடுத்துக் கொடுத்த அப்பா வேறு, என்ன பேசப் போகிறாய் என்று போனில் நச்சரிக்கிறார். ‘உங்களுக்குப் புரியாது’ என்று சொல்லிவிட்டேன். எந்த எழுத்துரு எடுப்பாக இருக்கும்?

பதில்: கை நடுங்கினால் நடுங்கட்டும். எழுத்துருவும் ஒரு கவலையா? 2012 ஜூலை 4 அன்று செர்ன் இயற்பியல் ஆய்வகத்தில் ஹிக்ஸ் என்ற அணுவினும் நுண்ணிய துகளைத் தேடியதன் முடிவைச் சொன்ன விஞ்ஞானி ஃபாபியோலா ஜியானோட்டி, சித்திரக்கதை எழுத்துப் போலிருக்கும் காமிக் சான்ஸ் எழுத்துருவில்தான் ஸ்லைடு போட்டார். கேலி செய்தார்கள். முடிவை யாராலும் கேலி செய்ய முடியவில்லை.

‘உங்களுக்குப் புரியாது’ என்றாயே, அதற்கு வருகிறேன். நட்ட மூன்றாம் வாரம் இலையில் துருப்போலப் பழுப்புப் புள்ளி விழுவதை உனக்கு முன்பே பார்த்தவர் அவர். ஏக்கருக்குப் பத்து கிலோ துத்தநாக சல்பேட்டை மணலில் கலந்து தூவத் தெரிந்தவர். மண்ணைக் கொடுத்தவருக்குச் சொல்லாமல் ஊருக்குச் சொல்லப் போகிறாயாக்கும்! படிக்க வைத்தவரிடம் படித்ததை ஒப்பிப்பது பிள்ளையின் கடமை என்று நினைக்கிற பழைய ஆள் நான்.

கடமை கசந்தால் காரியத்தையாவது பார். அரங்கில் பூச்சியியல்காரரும் இருப்பார், விதையியல்காரரும் இருப்பார். பயிருக்கு எட்டும் துத்தநாகம் மண்ணில் எவ்வளவு என்று பார்க்கும் உன் டிடிபிஏ அளவீடு அவர்களுக்கும் அந்நியம்தான். அப்பாவிடம் அதிலிருந்தா தொடங்குவாய்? ‘மண்ணில் துத்தநாகம் இருந்தும், தண்ணீர் தேங்கிய வயலில் அது பயிருக்கு ஏன் எட்டுவதில்லை?’ என்றுதானே ஆரம்பிப்பாய்? அதுதான் உன் முதல் ஸ்லைடு. வரைபடம் வந்தால், கீழே ஓடுவது என்ன, பக்கத்தில் ஏறுவது என்ன, எந்த அலகில் என்று விரல் வைத்துக் காட்டிவிட்டுத்தான் அவரிடம் கோட்டைப் பற்றிப் பேசுவாய். அரங்கிலும் அப்படியே செய். ஆய்வேட்டிலிருந்து வெட்டி ஒட்டிய அட்டவணைகளைத் தூக்கி எறி. பன்னிரண்டு ஸ்லைடு மிஞ்சினாலே அதிகம்.

‘பக்கத்து வயலில் ஒன்றும் போடாமலே பயிர் தேறிவிட்டதே?’ என்று அவர் நடுவில் மடக்குவார். தெரியாவிட்டால், ‘அதை நான் சோதிக்கவில்லை’ என்று சொல்லிப் பழகு. பேராசிரியர்கள் மடக்கும்போது மழுப்பத் தோன்றாது.

இந்த ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போ. மடிக்கணினியைத் திண்ணையில் வைத்து, கடிகாரத்தைப் பார்த்துப் பன்னிரண்டு நிமிடம் தமிழில் பேசு. ஆங்கிலம் அப்புறம். கடைசி ஸ்லைடில் நெறியாளருக்கு நன்றி போட்டிருப்பாய். மண் எடுத்துக் கொடுத்தவர் பெயரையும் அதில் எழுது.