மருத்துவமனையில் ஒட்டிய தொற்றுக்கு யார் பொறுப்பு? காரைக்குடி வழக்கறிஞரின் பதில்கள்

தேவகோட்டை வாசகர்: 2021 மே மாதம் இடுப்பெலும்பு முறிந்த அப்பச்சியை மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்தோம். சேர்க்கும்போது கொரோனா இல்லை, பதினோராம் நாள் காய்ச்சல் கண்டு தொற்று உறுதியானது, பிறகு இறந்துவிட்டார்கள். சிவகங்கை நுகர்வோர் ஆணையத்தில் 2023இல் வழக்குத் தொடுத்தோம். 'பெருந்தொற்றுக் காலத்தில் எவரும் பொறுப்பாக முடியாது' என்று எதிர்த்தரப்பு பதிலுரை தந்திருக்கிறது. சட்டம் அப்படியா சொல்கிறது?

பதில்: இல்லை. ஆனால் உங்கள் தரப்பும் இரண்டு கேள்விகளைத் தனித்தனியாக எதிர்கொள்ள வேண்டும். முதலாவது, தொற்று எங்கே ஒட்டியது என்பது. இந்நோய் உடலுக்குள் பதுங்கியிருக்கும் காலம் பெரும்பாலும் ஐந்து நாளை ஒட்டியது; பதினான்கு நாள்வரை நீளலாம். அதனால்தான் பிரிட்டனில் சேர்க்கைக்குப் பின் 8 முதல் 14 நாளுக்குள் தெரிந்ததை 'பெரும்பாலும் மருத்துவமனையில் ஒட்டியது' என்றும், 15ஆம் நாளிலோ அதற்குப் பிறகோ தெரிந்ததை 'உறுதியாக அங்கே ஒட்டியது' என்றும் வகைப்படுத்தினார்கள். பதினோராம் நாள் உங்களுக்குச் சாதகம்தான். ஆயினும் உடனிருந்த உறவினர் எத்தனை பேர், எத்தனை முறை வெளியே போய்வந்தனர் என்று எதிர்த்தரப்பு கட்டாயம் கேட்கும்.

இரண்டாவதுதான் வழக்கின் உயிர். அங்கே ஒட்டியது என்று நிரூபித்தாலும் அது மட்டுமே குற்றமாகிவிடாது. எடுத்திருக்க வேண்டிய எந்த முன்னெச்சரிக்கையை எடுக்காமல் விட்டார்கள் என்று காட்ட வேண்டும். நோயாளி எந்தெந்தப் படுக்கைக்கு எந்தத் தேதியில் மாற்றப்பட்டார், பக்கத்துப் படுக்கைக்காரருக்குத் தொற்று உறுதியான நாள் எது, உறுதியான பிறகு அவரை எத்தனை மணி நேரம் அதே அறையில் வைத்திருந்தார்கள் என்பவை கேஸ் ஷீட்டிலும் (நாள்தோறும் எழுதும் சிகிச்சைப் பதிவு) செவிலியர் குறிப்பிலும்தான் இருக்கும். டிஸ்சார்ஜ் சம்மரியில் ஒன்றும் இருக்காது. தொடக்க ஆதாரத்தை நீங்கள் வைத்துவிட்டால், கவனக்குறைவு இல்லை என்று காட்டும் சுமை மருத்துவமனையின் மேல் விழும் என்பது சவிதா கார்க் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2004இல் சொன்னது. ஆவணங்களை முன்வைக்கச் சொல்லி உத்தரவிடும் அதிகாரம் ஆணையத்துக்கு உண்டு, உங்கள் வழக்கறிஞரை மனுப்போடச் சொல்லுங்கள்.

மருத்துவமனை பில்லையும் எடுத்துப் பாருங்கள். நாளொன்றுக்கு இத்தனை பிபிஇ கிட் (கவச உடைத் தொகுப்பு) என்று பணம் வாங்கியிருந்தால், 'கவச உடை கிடைக்காத காலம்' என்று அதே மருத்துவமனை பிறகு வாதாடுவது கடினம்.

கானாடுகாத்தான் வாசகி: என் கணவருக்கும் இப்படியே 2021இல் நடந்தது. இப்போது வழக்குப் போடலாமா?

பதில்: ஆச்சி, நுகர்வோர் வழக்குக்குக் காலக்கெடு இரண்டு ஆண்டு. 15.03.2020 முதல் 28.02.2022 வரையான நாள்களைக் கணக்கில் சேர்க்க வேண்டாம் என்று உச்ச நீதிமன்றம் விலக்களித்தது. அப்படிப் பார்த்தாலும் 2021இல் நடந்தவற்றுக்கு 2024 பிப்ரவரி இறுதியோடு காலம் முடிந்துவிட்டது. தாமதத்துக்குத் தக்க காரணம் இருந்தால் பொறுத்தருளக் கோரலாம். 'தெரியாது' என்பதை மட்டும் காரணமாகச் சொன்னால் எடுபடுவது அரிது. எதற்கும் கேஸ் ஷீட் நகலை எழுத்து மூலம் கேட்டு வாங்குங்கள்.

காரைக்குடி வாசகர்: அரசு மருத்துவமனையில் இலவசச் சிகிச்சையின்போது தொற்றினால்?

பதில்: எல்லோருக்கும் இலவசமாகச் சிகிச்சை தரும் இடம் நுகர்வோர் சட்டத்துக்குள் வராது என்பது வி.பி. சாந்தா வழக்கின் 1995ஆம் ஆண்டுத் தீர்ப்பு. உரிமையியல் நீதிமன்றம் அல்லது உயர் நீதிமன்ற மதுரைக் கிளைதான் வழி. காப்பீடு பணம் கட்டிய தனியார் மருத்துவமனை என்றால் நுகர்வோர் ஆணையத்துக்கே போகலாம்.

திருப்பத்தூர் மருத்துவர்: நீங்கள் சொல்வதைக் கேட்டால் உயிரைப் பணயம் வைத்து உழைத்த எங்களைக் கூண்டில் ஏற்றுவது போலிருக்கிறது. அடுத்த பெருந்தொற்றில் கதவை மூடிக்கொண்டால் என்ன செய்வீர்கள்?

பதில்: டாக்டர், சட்டம் உங்களை அந்நேரத்துச் சூழலில் வைத்தே அளக்கிறது. ஜேக்கப் மேத்யூ வழக்கில் 2005இல் சொல்லப்பட்ட அளவுகோல், அதே துறையில் சாதாரணத் திறமையுள்ள ஒருவர் அதே நிலையில் என்ன செய்திருப்பார் என்பதே. குற்ற வழக்குக்கு அதைவிட மிகப் பெரிய அலட்சியம் தேவை. 2020 ஏப்ரலில் நோய் எப்படிப் பரவுகிறது என்பதே தெளிவாகாத நிலையில் நடந்த பிழையையும் 2021 மே மாதத்துப் பிழையையும் ஒரே தராசில் வைக்கக் கூடாது என்பதில் எனக்கும் உடன்பாடே. ஆனால் தொற்று உறுதியானவரைத் தனியாகப் பிரிப்பதற்கு எந்த இறக்குமதிக் கருவியும் வேண்டாம்.

பள்ளத்தூர், ஓய்வுபெற்ற செவிலியர்: இரவில் ஒரே செவிலியராகக் கொரோனா வார்டையும் மற்ற வார்டையும் பார்த்தோம். ஒரே கவச உடையோடு இங்கும் அங்கும் போனோம். நாங்கள் குற்றவாளிகளா?

பதில்: அம்மா, அந்தப் பணிப்பட்டியலைப் போட்டவர் நீங்கள் அல்லர். ஊழியரின் செயலுக்கு நிறுவனமே பதில் சொல்ல வேண்டும்; வழக்கும் நிறுவனத்தின் மேல்தான் போகும்.

திருப்பத்தூர் மருத்துவர்: ஆளே இல்லாதபோது நிறுவனம் மட்டும் எங்கே போகும்? நல்லெண்ணத்தில் செய்தவற்றுக்குத் தொற்றுநோய்ச் சட்டமே பாதுகாப்புத் தருகிறதே?

பதில்: 1897ஆம் ஆண்டுச் சட்டத்தின் 4ஆம் பிரிவு, அச்சட்டத்தின்கீழ் நல்லெண்ணத்தோடு செய்த செயலுக்குக் காப்பு. பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் 73ஆம் பிரிவு அரசுக்கும் அதன் அலுவலர்களுக்கும் உரியது. கட்டணம் வாங்கிக்கொண்டு இடுப்பெலும்புக்கு வைத்தியம் பார்த்த தனியார் நிறுவனம் இவற்றின் நிழலில் ஒதுங்க முடியும் என்று நான் கருதவில்லை. ஆள் பற்றாக்குறை உண்மையான வாதம்தான். ஆனால் அதைச் சொல்கிறவர், அவசரமில்லாத அறுவைச் சிகிச்சைகளுக்கு அந்த வாரமும் நோயாளிகளைச் சேர்த்துக்கொண்டே இருந்தாரா என்பதையும் சொல்ல வேண்டும். சேர்க்கைப் பதிவேடு அதைக் காட்டிக்கொடுத்துவிடும்.

கோட்டையூர் வாசகர்: 'கொரோனா வந்தால் மருத்துவமனை பொறுப்பல்ல' என்ற படிவத்தில் கையெழுத்திட்டோம்.

பதில்: தவிர்க்க முடியாத ஆபத்துக்கு நீங்கள் தந்த ஒப்புதல் அது. அலட்சியத்துக்கு அதை ஒப்புதலாகக் கொள்ள முடியாது. கேஸ் ஷீட் கேட்டீர்களா?

புதுவயல் வாசகர்: 2021இல் நடந்தது. இப்போது வழக்குப் போடலாமா?

பதில்: கானாடுகாத்தான் ஆச்சிக்குச் சொன்ன பதிலைப் படியுங்கள்.

சிங்கப்பூரிலிருந்து ஒரு கொத்தமங்கலத்துக்காரர்: அரசு தந்த ஐம்பதாயிரத்தை வாங்கிவிட்டோம். அதற்கு மேல் கேட்க முடியாதா?

பதில்: அது நிவாரணம், எவருடைய தவற்றுக்கும் ஈடாகத் தந்ததன்று. ஆகவே தடையில்லை, காலக்கெடுதான் தடை.

தேவகோட்டை வாசகர்: கேஸ் ஷீட் தர மறுக்கிறார்கள். மூன்று ஆண்டுக்கு மேல் வைத்திருப்பதில்லை என்கிறார்கள்.

பதில்: 2002ஆம் ஆண்டு மருத்துவ ஒழுக்க விதிகளின்படி உள்நோயாளி ஆவணத்தை மூன்றாண்டு வைத்திருக்க வேண்டும், கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும். நீங்கள் 2023இலேயே வழக்குத் தொடுத்துவிட்டீர்கள். அந்த மூன்றாண்டு முடியும் முன்பே அவர்களுக்கு நோட்டீஸ் கிடைத்திருந்தால், அதன் பிறகு அழித்துவிட்டோம் என்ற விளக்கமே அவர்களுக்கு எதிரான சான்றாகும். நோட்டீஸ் சேர்ந்த தேதி அடங்கிய அஞ்சல் ஒப்புகை அட்டையைத் தேடி எடுத்து உங்கள் வழக்கறிஞரிடம் இன்றே கொடுங்கள்.