18 பேருக்கு கிறிஸ்துமஸ் சாப்பாடு, கையில 9,000 ரூபாய்

கேள்வி: வணக்கம் சார். நாங்க பாளையங்கோட்டை. அவருக்கு பிரைவேட் கம்பெனியில 34,000 சம்பளம், நான் ஸ்கூல்ல டீச்சர், 13,500 வருது. கிறிஸ்துமஸ்க்கு ரெண்டு நாத்தனார் குடும்பமும் எங்க வீட்டுக்குதான் வருவாங்க, 12 பெரியவங்க 6 பிள்ளைங்க. போன வருஷம் சாப்பாட்டுக்கு மட்டும் 21,400 ஆச்சு, மொத்தத்தையும் கிரெடிட் கார்டுல போட்டு மாசாமாசம் மினிமம் கட்டிட்டு வர்றேன், இன்னும் 19,000 நிக்குது. இந்த வருஷம் 9,000 தனியா எடுத்து வச்சிருக்கேன். நான் கறிய குறைக்கலாம்னு சொன்னா, மட்டன் பிரியாணி இல்லாம என்ன கிறிஸ்துமஸ்னு அத்தை வருத்தப்படுறாங்க. அவரு பிளேட் 350-க்கு கேட்டரிங் சொல்லிடலாம், கார்டு இருக்குல்லங்கிறாரு. மெனு எப்படி போடட்டும், பத்தலைன்னா கார்டுல இன்னொரு தடவ போடலாமா? போன வருஷ செலவு நோட்டையும் கார்டு ஸ்டேட்மென்ட்டையும் போட்டோ எடுத்து அனுப்பியிருக்கேன்.

பதில்: சகோதரி, நோட்ட அனுப்பினீங்களே, அதுக்கே முதல்ல நன்றி. பண்டிகை செலவ எழுதி வைக்கிறவங்க ரொம்ப கம்மி, எழுதாம விட்டா யார் மேலயாவது பழி போடத்தான் தோணும், உங்க வீட்ல அது இப்போ பிரியாணி மேல விழுந்திருக்கு. உங்க நோட்டையே நான் திரும்ப கூட்டிப் பார்த்தேன். மட்டன் 5 கிலோ 4,750, சிக்கன் 4 கிலோ 1,040, அரிசி நெய் மசாலா மளிகை எல்லாம் 3,300, ஆர்டர் குடுத்து வாங்கின பலகாரம் 12 கிலோ 4,800, கேக் 4 கிலோ 3,200, ஐஸ்கிரீம் கூல்டிரிங்க்ஸ் 1,450, 24 ராத்திரி ஓட்டல் பார்சல் 1,860, சமையல் ஆளுக்கு கூலி 1,000. கறி ரெண்டும் சேர்ந்து 5,790 தான், மொத்தத்துல 27 சதவீதம். பலகாரம், கேக், கூல்டிரிங்க்ஸ் மூணும் சேர்ந்து 9,450, அதாவது 44 சதவீதம். அத்தை சொல்றது சரிதான், பிரியாணி இருக்கட்டும். நீங்க கை வைக்க வேண்டியது இனிப்புலதான்.

மெனுவுக்கு போறதுக்கு முன்னாடி கார்ட பத்தி சொல்லிடறேன், ஏன்னா உங்க கடிதத்துல எனக்கு ரொம்ப மனசு கஷ்டமானது அந்த ஒரு வரிதான். உங்க ஸ்டேட்மென்ட்ல மாசம் 3.5% வட்டின்னு இருக்கு, அந்த வட்டி மேல 18% ஜிஎஸ்டி, ரெண்டும் சேர்ந்தா மாசத்துக்கு 4.13% ஆகுது. நீங்க கட்டுற மினிமம், அதாவது மாசாமாசம் கட்டியே ஆகணும்னு கேக்கற குறைஞ்ச தொகை, மொத்த பாக்கியில 5%. அப்போ 100 ரூபா கடனுக்கு 5 ரூபாய்க்கு கொஞ்சம் மேல கட்டுறீங்க, அதுல நாலு ரூபாய்க்கு மேல வட்டியே முழுங்கிடுது, அசல்ல ஒரு ரூபாதான் குறையுது. இந்த 11 மாசத்துல நீங்க கிட்டத்தட்ட 11,500 கட்டியிருப்பீங்க, கடன் குறைஞ்சது வெறும் 2,400. வட்டியும் வரியுமா மட்டும் 9,100 ரூபாய்க்கு மேல போயிருக்கு, இந்த வருஷத்துக்குன்னு நீங்க சேர்த்து வச்சிருக்கிற 9,000 அளவுக்கு. போன வருஷ பிரியாணிய இன்னும் சாப்பிட்டுக்கிட்டே இருக்கீங்கன்னுதான் எனக்கு தோணுச்சு.

அதனால இன்னொரு தடவ கார்டுல போடவே கூடாது. பழைய பாக்கி நிக்கிறப்போ புதுசா எது வாங்கினாலும் அந்த 45, 50 நாள் வட்டியில்லாத சலுகை கிடையாது, தேய்ச்ச அன்னிக்கே வட்டி ஓட ஆரம்பிச்சிடும், நெறைய பேருக்கு இது தெரியறதில்ல. கார்ட பீரோவுல வச்சு பூட்டிடுங்க. அந்த 19,000-த்த மொத்தமா அடைக்க ஒரு வழி இருக்கு, உங்ககிட்ட இருக்கற நகையில ஒரு பவுனுக்குள்ள ஏதாவது ஒண்ண பொதுத்துறை பேங்க்ல அடமானம் வச்சு, கார்ட ஒரே நாள்ல முடிச்சிடுங்க. நகைக்கடன் வட்டி கார்டு வட்டியில கால்வாசி அளவுதான் இருக்கும். மாசம் 1,700 கட்டினா அடுத்த கிறிஸ்துமஸ்க்குள்ள நகையும் திரும்பிடும் கடனும் இருக்காது. இப்போ மினிமமா கட்டுற ஆயிரத்தோட இன்னொரு 700 சேர்த்தாலே போதும். நகைய வைக்க மனசு வரலைன்னா கார்டு கம்பெனிக்கு போன் பண்ணி பாக்கிய இஎம்ஐயா மாத்திக் கேளுங்க, வட்டி எவ்ளோ பிராசஸிங் பீஸ் எவ்ளோன்னு ரெண்டையும் கேட்டுட்டு அப்புறம் சம்மதம் சொல்லுங்க.

இப்போ மெனு. முதல்ல ஆள் கணக்கு. 12 பெரியவங்க, பிள்ளைங்க 6 பேர அரையா வச்சா 15 பேர் சாப்பாடு. ஒரு கிலோ சீரக சம்பாவும் ஒரு கிலோ கறியும் போட்டா பெரியவங்க ஏழெட்டு பேர் வயிறார சாப்பிடலாம், அப்போ உங்களுக்கு 2 கிலோ அரிசி, 2 கிலோ மட்டன். போன வருஷம் 5 கிலோ வாங்கி 27ஆம் தேதி வரைக்கும் பிரிட்ஜ்ல வச்சு சூடு பண்ணி சாப்பிட்டோம்னு நீங்களே எழுதியிருக்கீங்க. கறிக்காரர்கிட்ட நெஞ்செலும்பும் தொடையும் கலந்து போடச் சொல்லுங்க, எலும்பு நாலஞ்சு துண்ட எடுத்து கத்திரிக்கா பருப்பு போட்டு தால்ச்சா வச்சிட்டா பிரியாணிக்கு தனியா கிரேவி வேண்டாம். மட்டன் 1,900 ஆச்சு.

சிக்கன் 3 கிலோ, 780. அதுல பாதி காலைக்கு. அஞ்சு மணி ஆராதனை முடிஞ்சு எல்லாரும் புதுத்துணியோட பசியில வந்து உக்காரும்போது இட்லியும் தேங்கா அரைச்ச கோழிக்குழம்பும் இருந்தா போதும், அன்னிக்கு அதவிட நல்ல சாப்பாடு எந்த ஓட்டல்லயும் கிடைக்காதுன்னு நான் மனசார சொல்வேன். மாவ முந்தின நாளே வீட்ல ஆட்டிடுங்க. மிச்ச சிக்கன் மத்தியானத்துக்கு மிளகு போட்டு வறுவல். அவிச்ச முட்டை 18, ஒரு 130 ரூபா. அரிசி, நெய், எண்ணெய், வெங்காயம், தேங்கா, தயிர், மசாலா எல்லாம் சேர்த்து 2,300 வச்சுக்கோங்க. சேமியா பாயசம் 350, ஐஸ்கிரீமுக்கு பதிலா அதுதான். வாழை இலையும் அண்டா வாடகையும் 330. ராத்திரிக்கு இடியாப்பம், கொஞ்சம் தேங்காப்பால், காலைல மிஞ்சின கோழிக்குழம்பு, 250க்குள்ள முடிஞ்சிடும், மத்தியானம் பிரியாணி சாப்பிட்டவங்களுக்கு ராத்திரி அதுக்கு மேல இறங்கவும் செய்யாது. 24 ராத்திரி ஓட்டல் பார்சல் வேண்டாம், கஞ்சி, தேங்கா துவையல், சுட்ட அப்பளம், 260 போதும்.

பலகாரத்துக்கு வர்றேன், இதுதான் முக்கியம். 12 கிலோ ஏன் வாங்குனீங்கன்னு எனக்கு புரியுது, தெருவுல 14 வீட்டுக்கு தட்டு போகணும். அத நிறுத்தச் சொல்லவே மாட்டேன், தீபாவளிக்கும் ரம்ஜானுக்கும் அவங்க குடுத்த தட்டு நம்ம வீட்டுலேர்ந்து வெறும் தட்டா திரும்பக் கூடாது. ஆனா வீட்டுக்கு 200 கிராம் வச்சா 2.8 கிலோ, உங்களுக்கு ரெண்டு கிலோ, ஆக 5 கிலோ தாராளம். அத கடையில வாங்காம ரெண்டு வகை மட்டும் வீட்ல போடுங்க, முந்திரிக்கொத்தும் அச்சு முறுக்கும். கொத்துல முந்திரிப்பருப்பே கிடையாது, திராட்சைய முந்திரின்னு சொல்ற வழக்கத்துல கொத்து கொத்தா இருக்கறதால வந்த பேரு, அதனால செலவும் கம்மி. பாசிப்பயற வாசம் வர்ற வரைக்கும் வறுத்து திரிச்சு, தேங்கா, எள்ளு, ஏலக்கா சேர்த்து பாகுல உருட்டி, மூணு மூணா சேர்த்து அரிசி மாவுல முக்கி பொரிச்சா முடிஞ்சது. முழுக்க உடன்குடி கருப்பட்டில செஞ்சா ருசி அள்ளும், ஆனா கருப்பட்டி விலை இருக்கற இருப்புக்கு பாதி வெல்லம் பாதி கருப்பட்டியா போடுங்க. அச்சு முறுக்குக்கு அச்ச எண்ணெயிலயே கொஞ்ச நேரம் கிடந்து சூடேற விடணும், இல்லன்னா மாவு அச்ச விட்டு கழலாது, இது அத்தைக்கு என்னைவிட நல்லா தெரியும். ரெண்டும் டின்ல போட்டு வச்சா பல நாளைக்கு தாங்கும், அதனால ஒரு வாரம் முன்னாடி சனிக்கிழமையே முடிச்சிடலாம். சாமான் 1,500 ஆகும். பிரியாணி உங்க இஷ்டப்படியே இருக்கும், பலகாரத்துக்கு நீங்கதான் தலைமைன்னு அத்தைகிட்ட சொல்லிப் பாருங்க, சந்தோஷமா எறங்குவாங்க.

கேக் ஒரு கிலோ பிளம் கேக் மட்டும், 700. 18 துண்டு போட்டா ஆளுக்கு 55 கிராம் வருது, பாயசமும் பலகாரமும் இருக்கும்போது போதும்.

கூட்டிப் பாருங்க, 8,500 வருது. கையில 500 மிச்சம், விலை முன்னபின்ன இருந்தா அதுல சமாளிச்சுக்கலாம். இதெல்லாம் உங்க நோட்டுல இருந்த விலைய வச்சு போட்டதுதான், மட்டன் மட்டும் பண்டிகைக்கு கிலோவுக்கு 100 ஏறினாக்கூட 200தான் கூடும். கேக்கும் கூல்டிரிங்க்ஸும் வேணும்னு நாத்தனார்மார் ஆசைப்பட்டா வாங்கிட்டு வரட்டும். பணமா கேட்டீங்கன்னா யாருக்கும் சங்கடமா இருக்கும், “அக்கா, இந்த வருஷம் கேக் உங்க பொறுப்பு”ன்னு சொன்னா அவங்களுக்கும் அது ஒரு உரிமை மாதிரி இருக்கும், உங்களுக்கும் ஒரு 700 மிச்சம்.

கேட்டரிங் பத்தி. 350 வீதம் 18 பேருக்கு 6,300, அது மத்தியானம் ஒரு வேளைக்கு மட்டும். நான் போட்ட கணக்குல அந்த ஒரு வேளை சாப்பாடு 4,600 பக்கம் வருது, 1,700 வித்தியாசம். பெரிய தொகையா தெரியாது, ஆனா கேட்டரிங் சொல்லிட்டா மிச்சம் இருக்கற 2,700-ல பலகாரம், கேக், மூணு வேளை சாப்பாடு எல்லாத்தையும் முடிக்கணும், அது முடியாம மறுபடி கார்டுதான் வெளிய வரும். ஒண்ணு மட்டும் உங்க வீட்டுக்காரர்கிட்ட கண்டிப்பா சொல்லுங்க, கேட்டரிங் வேண்டாம்னா வெங்காயம் உரிக்கறதும் பிரியாணிக்கு தம் போடறதும் ஆம்பளைங்க வேலை. நம்ம ஊர் கல்யாண வீட்லயும் சர்ச் விருந்துலயும் அண்டா பக்கத்துல நிக்கறது ஆம்பளைங்கதானே. 1,700 ரூபாய மிச்சம் பிடிக்கறதுக்காக நீங்க ஒருத்தர் மட்டும் பண்டிகை முழுக்க அடுப்படியில நிக்கறது எனக்கு சம்மதம் இல்ல.

அடுத்த வருஷத்துக்கு ஜனவரி முதல் வாரம் உங்க சம்பள பேங்க்லயே மாசம் 800 வீதம் 11 மாசத்துக்கு ஒரு ஆர்டி, அதான் மாசாமாசம் ஒரே தொகை கட்டுற சேமிப்புக் கணக்கு, போடுங்க. 6 சதவீதம் பக்கம் வட்டி கிடைச்சாலும் டிசம்பர் தொடக்கத்துல 9,000 கையில வந்துரும். போஸ்ட் ஆபீஸ் ஆர்டி வேண்டாம், அது 5 வருஷக் கணக்கு, இதுக்கு ஒத்துவராது. தெருவுல கிறிஸ்துமஸ் பண்டுன்னு வாரச்சீட்டு பிடிக்கிறவங்க வருவாங்க, வருஷக் கடைசில மளிகை, பாத்திரம், ஒரு கிராம் தங்கம்னு சொல்லுவாங்க. சிட் பண்ட் சட்டம் 1982ல வந்தது, பதிவு பண்ணாத சீட்டு நடத்தக் கூடாது, பதிவு இல்லாம டெபாசிட் வாங்கறத தடுக்க 2019லயும் தனியா சட்டம் வந்திருக்கு, இருந்தும் ஒவ்வொரு டிசம்பர்லயும் யாராவது பூட்டிட்டு போயிடறாங்க. எங்க அம்மா அப்படித்தான் ஒரு வருஷம் முழுக்க வாரம் பத்து ரூபா கட்டினாங்க, பண்டிகைக்கு ரெண்டு வாரம் இருக்கும்போது அந்த வீட்ல பூட்டு தொங்குச்சு. அம்மா அந்த சீட்டு அட்டைய மடியில வச்சுக்கிட்டு திண்ணையில உக்காந்திருந்தது இன்னும் என் கண்ணுல நிக்குது, அந்த வருஷம் பெரியம்மா வீட்லேர்ந்து வந்த குழம்புலதான் எங்க கிறிஸ்துமஸ் நடந்துச்சு. அதனால இதுல நான் கொஞ்சம் கண்டிப்பாவே சொல்லுவேன், பேங்க்ல போடுங்க.

இன்னிக்கு செய்ய வேண்டியது ரெண்டு. நெய், ஏலக்கா, மசாலா சாமான், பாசிப்பயறு இதையெல்லாம் டிசம்பர் முதல் வாரத்துக்குள்ள வாங்கிடுங்க, கடைசி வாரத்துல கூட்டத்துல போனா லிஸ்ட்ல இல்லாததும் பைக்குள்ள வந்துடும். அப்புறம் வழக்கமா வாங்குற பாய் கடையில போயி 25 காலைல 2 கிலோன்னு சொல்லி 500 அட்வான்ஸ் குடுத்து இப்பவே விலைய பேசிடுங்க, ஆராதனை முடிஞ்சு வர்ற வழியில உங்க வீட்டுக்காரரே வாங்கி வந்து வச்சிடட்டும்.