ஸ்கூல்ல ஆயுத பூஜை, பிள்ளைக்கு லீவு போடணுமா?

பெங்களூர் கே.ஆர்.புரத்துல இருந்து ஒரு அம்மா கேட்டிருக்காங்க: "நாங்க நாகர்கோவில் பக்கம், பெந்தெகொஸ்தே குடும்பம். பொண்ணு பிரைவேட் ஸ்கூல்ல ரெண்டாவது படிக்கிறா. தசரா லீவு விடறதுக்கு முன்னாடி ஸ்கூல்ல ஆயுத பூஜை நடக்கும், பிள்ளைங்க புக்கு, பென்சில் பாக்ஸ் எல்லாம் பூஜையில வைக்கணும், ஆரத்தி, குங்குமம், பிரசாதம்னு இருக்கும். போன வருஷம் லீவு போட்டோம், குரூப்ல வந்த போட்டோவ பாத்து அழுதுட்டா. இந்த வருஷமும் லீவு போடவா, இல்ல ஸ்கூல்ல பேசலாமா? பேசினா பிள்ளைய ஒரு மாதிரி பாப்பாங்களோன்னு பயமா இருக்கு."

லீவு வேண்டாம்மா, பேசுங்க. எல்லாரும் புது டிரஸ் போட்டுட்டு வர்ற நாள்ல என்ன மட்டும் வீட்ல வெச்சிட்டாங்கன்னுதான் அந்த வயசுல தோணும், நீங்க சொல்ற காரணம் மனசுல நிக்காது.

சர்க்குலர்ல "ஆயுத பூஜை செலிப்ரேஷன்"னு ஒரே வரியில போட்டிருப்பாங்க, ஆனா அன்னைக்கு முழுக்க பூஜையே நடக்காது. கிளாஸ் டெக்கரேஷன், மைசூர் தசரா பத்தி அசெம்பிளியில பேசறது, டான்ஸ், அப்புறம் நடுவுல கொஞ்ச நேரம் பூஜை, பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். அதனால முதல்ல கிளாஸ் டீச்சர்கிட்ட அன்னைய நிகழ்ச்சி என்ன என்ன, எத்தன மணிக்கு எது, பிள்ளைங்க என்ன செய்யணும்னு கேளுங்க. திருவிழாவ பத்தி தெரிஞ்சுக்கறது வேற, கும்பிடறது வேற, இந்த ரெண்டையும் பிரிச்சுட்டா பாதி பிரச்சனை அங்கயே முடிஞ்சுரும்.

சட்டம் உங்க பக்கம்தான் இருக்கு. அரசியலமைப்பு 28வது பிரிவோட 3வது உட்பிரிவு, அரசு அங்கீகாரம் இருக்கற இல்ல அரசு உதவி வாங்கற எந்த ஸ்கூல்லயும் மத போதனையிலயோ வழிபாட்டுலயோ கலந்துக்க சொல்லி யாரையும் கட்டாயப்படுத்த கூடாது, சின்ன பிள்ளைன்னா பெத்தவங்க சம்மதம் வேணும்னு சொல்லுது. கான்வென்ட்ல சேப்பலுக்கு போக சொல்ற இந்து பிள்ளைக்கும் இதே பாதுகாப்புதான். 1985ல கேரளாவுல மூணு பிள்ளைங்கள தேசிய கீதம் பாடலன்னு ஸ்கூல விட்டு எடுத்துட்டாங்க, யெகோவா சாட்சிகள்ங்கற கிறிஸ்தவ பிரிவு குடும்பத்து பிள்ளைங்க, மரியாதையா எழுந்து நின்னாங்க ஆனா அவங்க நம்பிக்கைப்படி பாடல, அவ்வளவுதான். 1986ல சுப்ரீம் கோர்ட் அந்த பிள்ளைங்கள திரும்ப சேத்துக்க சொல்லிருச்சு. இதெல்லாம் உங்க தைரியத்துக்கு சொல்றேன், முதல் லெட்டர்லயே சட்டப் பிரிவு போடாதீங்க, டீச்சர் பயந்து நேரா பிரின்சிபால்கிட்ட கொண்டு போயிருவாங்க, சாதாரணமா முடியற விஷயம் ஃபைல் ஆகிரும்.

ஒரு ரெண்டு வாரம் முன்னாடியே கிளாஸ் டீச்சருக்கும் கோஆர்டினேட்டருக்கும் ஒரு மெயில் போடுங்க, நாலு வரி போதும்: "எங்க பொண்ணு அன்னைக்கு ஸ்கூலுக்கு வருவா, டெக்கரேஷன்லயும் மத்த நிகழ்ச்சியிலயும் சந்தோஷமா கலந்துக்குவா. எங்க நம்பிக்கைப்படி ஆரத்தி, குங்குமம், பிரசாதம் மட்டும் வேண்டாம், புக்கு பூஜையில வைக்க மாட்டா. அந்த நேரத்துல அவளுக்கு வேற ஒரு வேலை குடுத்தா நல்லாருக்கும்." அந்த கடைசி வரிதான் ரொம்ப முக்கியம், ஏன்னா கையில வேலை இருக்கற பிள்ளை ஒதுக்கப்பட்ட மாதிரி நினைக்காது, செல்ஃப்ல புக்கு அடுக்கறது, சார்ட் ஒட்டறதுன்னு எதுவா இருந்தாலும் சரி, தனியா இல்லாம ஒரு ஆயாம்மாவோ டீச்சரோ கூட இருக்கணும். பேரன்ட்ஸ் வாட்ஸ்அப் குரூப்ல மட்டும் இத போடவே போடாதீங்க, அங்க போட்டா உங்க பிள்ளைய விட்டுட்டு ஊர் அரசியல் பேச ஆரம்பிச்சுருவாங்க.

இதுல பிரசாதம்தான் சிக்கல். பொரி கடலைய கிளாஸ்ல எல்லாருக்கும் குடுக்கும்போது ஒரு பிள்ளை மட்டும் கைய மடக்கிக்கிட்டா எல்லா கண்ணும் அங்கதான் போகும், அதனால அன்னைக்கு டிபன் பாக்ஸ்ல அவளுக்கு பிடிச்சத கொஞ்சம் அதிகமாவே வெச்சு விடுங்க, அந்த நேரத்துல அத சாப்பிடலாம்னு டீச்சர்கிட்டயும் சொல்லி வெச்சிருங்க. ஸ்கூல் பஸ்ஸுக்கு வாழக்கன்னு கட்டி, சாமந்தி மாலை போட்டு, டயருக்கு அடியில எலுமிச்சம்பழம் வெக்கிறத பத்தி எல்லாம் யோசிக்காதீங்க, அது டிரைவரண்ணனோட பண்டிகை, உங்க பொண்ணு அதுல ஏறி வீட்டுக்கு வர்றா, அவ்வளவுதான். டான்ஸ் விஷயத்துல என்ன பாட்டுன்னு கேட்டுட்டு நீங்களே முடிவு பண்ணுங்க, அதுல குடும்பத்துக்கு குடும்பம் கோடு மாறும்.

பொண்ணுகிட்ட முந்தின நாளே பேசிருங்க. "அவங்க சாமி கும்பிடற விதம் அது, நாம கும்பிடறது வேற மாதிரி, அவங்க கும்பிடும்போது நாம சத்தம் போடாம மரியாதையா இருக்கணும்." இத்தன போதும். அது தப்பு, பாவம்னு மட்டும் சொல்லி அனுப்பாதீங்க, அத அப்படியே பக்கத்து சீட் பிள்ளைகிட்ட போய் சொல்லும், அங்க ஒரு சிநேகிதம் உடையும். டிசம்பர்ல கிறிஸ்மஸ் புரோகிராமுக்கு உங்கள ஹெல்ப் பண்ண கூப்பிட்டாலும் கேரல், ஸ்டார், கேக்னு எல்லாரையும் சேத்துக்கோங்க, ஜெபம்னு வந்தா மத்த வீட்டு பிள்ளைங்கள கண்ண மூட சொல்லாதீங்க.

மெயிலுக்கு பதில் வரலன்னா பிரின்சிபால நேர்ல பாருங்க, கணவரையும் கூட்டிட்டு போங்க, பேசினத அன்னைக்கே மெயில்ல எழுதி அனுப்பிருங்க. இத்தனைக்கும் அப்புறம் கட்டாயம்னே சொன்னாங்கன்னா அப்ப 28வது பிரிவ எழுதி மேனேஜ்மென்ட்டுக்கு குடுங்க, அதுக்கும் மசியலன்னா உங்க ஏரியா பி.இ.ஓ (வட்டார கல்வி அதிகாரி) ஆபீஸ்ல புகார் குடுக்கலாம், கர்நாடகா குழந்தைகள் உரிமை ஆணையத்துக்கும் எழுதலாம். பெரும்பாலும் அந்த மெயிலோடயே முடிஞ்சுரும்.