சார்ல்ஸ்டனில் இரண்டு நாள்

பின்னோக்கித் தேடினால் உங்கள் மனைவியின் முன்னோர் பெயர் 1870 அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்போடு நின்றுவிடுகிறது, தென் கரோலினாவின் சார்ல்ஸ்டனில் இரண்டு நாளில் எங்கே போவது என்று கேட்டிருந்தீர்கள். கறுப்பினக் குடும்பங்களில் அந்த இடத்தில் முட்டாதவர்கள் குறைவு. அதற்கு முந்தைய 1850, 1860 கணக்கெடுப்புகளின் அடிமைப் பட்டியல்களில் பெரும்பாலும் எசமானர் பெயர்தான் இருக்கும். அடிமைப்பட்டவர்களுக்கு வயது, பால், நிறம் மட்டும். அதனால் எசமானர் குடும்பத்தைப் பிடியுங்கள்; அவர்களின் உயில், சொத்துப் பட்டியலில் பெயர்கள் கிடைக்கலாம்.

முதல் நாளை முழுசாக சர்வதேச ஆப்பிரிக்க அமெரிக்க அருங்காட்சியகத்துக்கு ஒதுக்குங்கள். 2023இல் திறந்தது. ஆப்பிரிக்கர்களைக் கப்பலிலிருந்து இறக்கி விற்ற காட்ஸ்டன் துறையிலேயே நிற்கிறது. குடும்ப வரலாற்று மையமும் உள்ளேயே உண்டு. மறுநாள் மெக்லவுட் தோட்டம்; அடிமைகளை வைத்து நடத்திய பழைய பண்ணை. எசமானரின் பெரிய வீட்டில் நேரத்தைக் கரைக்காமல் அடிமைக் குடில்களுக்குப் போங்கள்.

அப்புறம், கிளம்பும் முன்பே குடும்பம் எந்தத் தேவாலயத்துக்குப் போனது என்று மாமியாரிடம் கேட்டுவிடுங்கள்; தேவாலயப் பதிவேடுகளிலும் பெயர்கள் கிடைக்கலாம்.