கேள்வி–பதில்: ஊர்க் குழுவின் ஓபராவை எப்படி எடைபோடுவது?

கேள்வி: என் தாத்தா வால்டாக்ஸ் சாலை ஒற்றைவாடை தியேட்டரில் விடிய விடிய நாடகம் பார்த்தவர். அவர் பாடிக்காட்டிய 'வள்ளி திருமணம்' பாடல்களைக் கேட்டு வளர்ந்த நான், ஓய்வு பெற்ற பின் நாடகங்களைப் பற்றிச் சிறு பத்திரிகைகளில் எழுதி வருகிறேன். அடுத்த மாதம் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரிலுள்ள மகள் வீட்டுக்குச் செல்கிறேன். பாட்டாலேயே கதை சொல்லும் மேற்கத்திய இசை நாடகமான ஓபராவுக்கு, அந்த ஊரில் அழைத்துப் போவதாகச் சொல்கிறாள். இத்தாலிய மொழியும் மேற்கத்திய இசையும் அறியாத நான் அதைப் பற்றி எழுதலாமா?
– வாசகர், பழைய வண்ணாரப்பேட்டை

பதில்: தாராளமாக எழுதலாம். மொழியைப் பற்றிக் கவலை வேண்டாம்; 1983-ல் டொராண்டோவில் தொடங்கிய வழக்கப்படி, பாடலின் பொருளை மேடைக்கு மேலே எழுத்தில் காட்டுவது இன்று பல அரங்குகளில் உண்டு. ஆனால் கதையை முன்கூட்டியே படித்துவிட்டுப் போங்கள். இல்லாவிட்டால் கண் அந்த எழுத்திலேயே ஒட்டிக்கொண்டு, பாடுபவரின் முகத்தைப் பார்க்கத் தவறிவிடும்.

லீட்ஸில் இயங்கும் ஓபரா நார்த், 1977-ல் லண்டன் குழு ஒன்றின் கிளையாகத் தோன்றிப் பிறகு தனித்து நின்றது. 1878-ல் திறக்கப்பட்ட கிராண்ட் தியேட்டரில் ஆடுவதோடு, நியூகாசில், நாட்டிங்காம் போன்ற ஊர்களுக்கும் தன் நாடகங்களைக் கொண்டு செல்லும் குழு அது. ஊர் ஊராகப் போகும் காட்சியமைப்பை லாரியில் ஏற்றி இறக்க முடிய வேண்டும் என்பதால், மேடையின் எளிமையைப் பார்த்ததும் பணமில்லாத குறை என்று எழுதிவிடாதீர்கள். அந்த எளிமை கதைக்கு உதவியதா என்று மட்டும் கேளுங்கள்.

விமர்சகர் பழக வேண்டிய முதல் காரியம், இசையமைப்பாளரின் படைப்பு, இயக்குநரின் மேடையாக்கம், அன்றிரவுப் பாட்டு ஆகிய மூன்றையும் தனித்தனியே பார்ப்பதுதான். இத்தாலிய இசையமைப்பாளர் வெர்டியின் 'லா டிராவியாட்டா' என்னும் ஓபரா 1853-ல் வெனிஸில் அரங்கேறியபோது தோல்வி கண்டது; தவறு தன்னுடையதா, பாடகர்களுடையதா என்பதைக் காலம் சொல்லும் என்று அவர் நண்பருக்குக் கடிதம் எழுதினார். மறு ஆண்டே, சில திருத்தங்களுடன், அதே நகரின் வேறோர் அரங்கில் அது வெற்றி பெற்றது. முதல் இரவைப் பார்த்துவிட்டு இசையே சரியில்லை என்று எழுதியவர் இருந்திருந்தால், அவர் பாடியவர்களின் குறையைப் படைத்தவரின் தலையில் கட்டியவராகியிருப்பார்.

அதே நாடகத்தின் முதல் அங்கம் முடியும் இடத்தில், கதாநாயகி வயலெட்டா தனியே பாடும் பாட்டின் இறுதியில், பல பாடகியர் ஓர் உச்ச ஸ்வரத்தைத் தொடுவார்கள். அரங்கமே அதற்காகக் காத்திருக்கும். வெர்டி அந்த ஸ்வரத்தை எழுதவில்லை, அது மேடை வழக்கத்தில் வந்து சேர்ந்தது. ஆகவே அதைத் தொடாத பாடகி தோற்றுவிட்டார் என்று எழுதுவது அநியாயம். மாறாக, மூன்றாம் அங்கத்தில் நோயில் கிடக்கும் அவள் ஒரு கடிதத்தைப் படிக்கும் கட்டத்தைக் கூர்ந்து கவனியுங்கள். அங்கே அவள் பாடுவதில்லை. பழைய காதல் மெட்டை வாத்தியங்கள் மெல்ல இசைக்க, வெறும் வசனமாகப் படிக்கிறாள். வசனத்தில் உயிர் இருக்கிறதா, இல்லையா என்று கண்டுபிடிக்க உங்கள் நாடக அனுபவம் போதாதா?

இன்னொன்று, ஓபராப் பாடகர்கள் பொதுவாக மைக் வைத்துப் பாடுவதில்லை. பயிற்சி பெற்ற குரல் தன் வலிமையை 3,000 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு மூவாயிரம் அதிர்வுகள் என்ற அளவின் அருகே குவிக்கிறது. அந்த அதிர்வு அளவில் வாத்தியங்களின் ஓசை குறைவு என்பதால், பெரிய வாத்தியக் குழுவையும் தாண்டி அது கடைசி வரிசைக்குப் போய்ச் சேர்கிறது. எஸ்.ஜி. கிட்டப்பாவின் உச்ச ஸ்தாயியைப் பற்றிக் கேள்விப்பட்டவர்களுக்கு அதன் அருமை தெரியும். வீட்டில் கேட்ட இசைத்தட்டோடு அந்தக் குரலை ஒப்பிடாதீர்கள். ஒலிப்பதிவில் மைக்கை வாய்க்கு அருகிலேயே வைக்க முடியும். பாடகியின் உடல்பருமனைப் பற்றி எழுதுவதும் விமர்சனம் ஆகாது.

கேள்வி: எங்கள் பகுதித் திருவிழாவில் ஆடிய கூத்துக் குழுவின் குறைகளை எழுதினேன். ஏழைக் கலைஞர்களைக் குறை சொல்லலாமா என்று நண்பர்கள் கோபிக்கிறார்கள். சொல்லக் கூடாதா?
– கல்லூரி மாணவர், வியாசர்பாடி

பதில்: பெரிய குழுவோ சிறிய குழுவோ, நியாயம் ஒன்றுதான். இரக்கப்பட்டுப் பாராட்டினால், அவர்களை ஆட்டக்காரர்களாக மதிக்கவில்லை என்று பொருள். ஆனால் 'சுமார்' என்று ஒற்றைச் சொல்லில் ஒதுக்கிவிடாமல், திரைக்குப் பின்னிருந்து கர்ணன் பாடிய விருத்தம், சிறு நாகஸ்வரம் போன்ற முகவீணையோடு சேர்ந்ததா, பின்பாட்டுக்காரர்கள் சொற்களை விழுங்கினார்களா, ஒலிபெருக்கியின் இரைச்சலில் தாளம் மறைந்ததா என்று, கூத்து வாத்தியார் அடுத்த ஆட்டத்தில் திருத்திக்கொள்ளக்கூடிய அளவுக்குக் குறிப்பாக எழுதுங்கள். ஒலிபெருக்கியை ஏற்பாடு செய்தது விழாக் குழு என்றால், அந்தக் குறையைக் கூத்தாடிகள்மேல் போடாதீர்கள். இரவு தொடங்கும் கூத்து முடிவதோ விடியற்காலையில். நடுவில் எழுந்து வந்துவிட்டால், எந்தக் கட்டம் வரை பார்த்தீர்கள் என்பதைக் கட்டுரையின் முதல் பத்தியிலேயே சொல்லிவிடுங்கள்.