நான்கு கல்லூரிகள், ஒரு கட்-ஆஃப்: கவுன்சிலிங்குக்கு முன் எதை ஒப்பிட வேண்டும்?

வணக்கம் அம்மா. நீங்கள் அனுப்பிய பட்டியலைப் பார்த்தேன். மகளின் பொறியியல் கட்-ஆஃப் 200-க்கு 176, ஆசை இசிஇ (எலக்ட்ரானிக்ஸ் அண்ட் கம்யூனிகேஷன்). வீட்டிலிருந்து காலேஜ் பஸ்ஸில் போய்வரக்கூடிய தனியார் கல்லூரி ஒன்று, கோவையில் ஒரு தன்னாட்சிக் கல்லூரி, பக்கத்து மாவட்டத்து அரசு பொறியியல் கல்லூரி, சென்னை அருகே ஒரு நிகர்நிலைப் பல்கலைக்கழகம். பெரியப்பா ஒன்றைச் சொல்கிறார், டியூஷன் மாஸ்டர் வேறொன்றைச் சொல்கிறார், ‘இதில் எது சார் நல்ல காலேஜ்?’ என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் பட்டியலை இரண்டாகப் பிரித்துவிடுங்கள். நிகர்நிலைப் பல்கலைக்கழகம் அண்ணா பல்கலைக்கழக இணைப்புக்குள் வராது. அட்மிஷன், கட்டணம், பாடத்திட்டம், பட்டம் எல்லாமே அவர்களுடையது. டிஎன்இஏ (தமிழ்நாடு பொறியியல் சேர்க்கை) கவுன்சிலிங்கில் அந்தப் பெயரைத் தேடினாலும் கிடைக்காது. அது மோசம் என்று சொல்லவில்லை, கணக்கு வேறு. மற்ற மூன்றும் ஒரே கவுன்சிலிங், ஒரே பல்கலைக்கழகப் பட்டம். எனவே இந்த மூன்றையும் தங்களுக்குள் ஒப்பிட்டு ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். அப்புறம் அந்த ஒன்றையும் நிகர்நிலையையும் நான்கு வருட மொத்தச் செலவோடு எதிரெதிரே வைத்துப் பாருங்கள்.

ஒப்பிடும்போது நான் ஒரே ஒரு விதியை வைத்துக்கொள்கிறேன். கல்லூரி உங்களிடம் சொல்லும் எண் ஒன்று, வேறொரு அமைப்புக்கு எழுதிக் கொடுத்தே ஆக வேண்டிய எண் இன்னொன்று. இரண்டும் பொருந்தாதபோது இரண்டாவதை நம்புங்கள்.

பிளேஸ்மென்ட்டை எடுத்துக்கொள்வோம். ‘95 சதவீதம் வேலைவாய்ப்பு’ என்று பேனர் இருக்கும். எத்தனை பேரில் 95 சதவீதம் என்று அதில் இருக்காது. மத்திய அரசின் என்ஐஆர்எஃப் தரவரிசையில் (2016-இல் முதல் பட்டியல் வந்தது) கலந்துகொள்ளும் கல்லூரிகள் தாங்கள் சமர்ப்பித்த விவரங்களைத் தங்கள் இணையதளத்திலும் வைக்க வேண்டும். பெரும்பாலும் முகப்புப் பக்கத்தின் அடியில் சின்ன எழுத்தில் ‘என்ஐஆர்எஃப்’ என்று ஒரு இணைப்பு கிடக்கும். உள்ளே போனால் பிடிஎஃப். அதில் நான்கு வருடப் படிப்புக்கான அட்டவணையில் முதலாண்டில் சேர்ந்தவர்கள், இரண்டாமாண்டில் நேரடியாகச் சேர்ந்தவர்கள், உரிய காலத்தில் முடித்தவர்கள், வேலை கிடைத்தவர்கள், அவர்களின் இடைநிலைச் சம்பளம், மேல்படிப்புக்குப் போனவர்கள் என்று வரிசையாக இருக்கும்.

ஒரு கற்பனைக் கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். சேர்ந்தவர்கள் 600, நேரடி இரண்டாமாண்டு 60, உரிய காலத்தில் முடித்தவர்கள் 480, வேலை கிடைத்தவர்கள் 300, மேல்படிப்பு 30 என்று வைத்துக்கொள்ளுங்கள். ‘அரியர் இல்லாமல், எங்களிடம் பதிவு செய்தவர்கள் 316 பேர், அதில் 300 பேருக்கு வேலை’ என்று சொன்னால் 95 சதவீதம் வந்துவிடும். பொய்யே இல்லை. ஆனால் உங்கள் மகள் உள்ளே நுழையும்போது அந்த 660 பேரில் ஒருத்தியாகத்தான் நுழைகிறாள். மேல்படிப்புக்குப் போனவர்களைக் கழித்தாலும் 630-க்கு 300, பாதிக்கும் குறைவு. பேனரில் இருக்கும் ‘அதிகபட்சச் சம்பளம்’ ஒரே ஒரு மாணவருடையது. இடைநிலைச் சம்பளம்தான் நடுவில் நிற்கும் மாணவருடையது. இந்த பிடிஎஃப்-பும் கல்லூரியே கொடுக்கும் கணக்குதான், வேதவாக்கு அல்ல. துறை வாரியாகவும் பிரித்திருக்காது. ஆனாலும் மூன்று கல்லூரிகளும் ஒரே படிவத்தில் நிரப்பியிருப்பதால் பக்கத்தில் பக்கத்தில் வைக்க முடியும்.

அடுத்தது தேர்ச்சி விகிதம். இணைப்புக் கல்லூரிகளின் தேர்ச்சி விகிதத்தை அண்ணா பல்கலைக்கழகம் செமஸ்டர் வாரியாக வெளியிடுகிறது. இதில் பலரும் தடுக்கி விழும் ஓர் இடம் உண்டு. தன்னாட்சிக் கல்லூரி தன் பாடத்திட்டத்தைத் தானே வகுத்து, தானே கேள்வித்தாள் எடுத்து, தானே திருத்துகிறது. பட்டம் மட்டும்தான் பல்கலைக்கழகத்தினுடையது. எனவே உங்கள் பட்டியலில் உள்ள கோவைக் கல்லூரியின் 92 சதவீதத்தையும், பல்கலைக்கழகத் தேர்வு எழுதும் உள்ளூர்க் கல்லூரியின் 68 சதவீதத்தையும் ஒப்பிடாதீர்கள். உள்ளூர்க் கல்லூரியை அதே மாதிரி தன்னாட்சி இல்லாத கல்லூரிகளோடு ஒப்பிடுங்கள். அங்கே 68 நல்ல எண்ணாகக்கூட இருக்கலாம்.

டிஎன்இஏ தளத்தில் முந்தைய வருடக் கட்-ஆஃப்கள் (கடைசியாக இடம் கிடைத்தவரின் மதிப்பெண்) கல்லூரி, பாடப்பிரிவு, சமூகப் பிரிவு வாரியாக இருக்கின்றன. மூன்று வருடத்தை எடுத்து உங்கள் பிரிவுக்கு மட்டும் பாருங்கள். இசிஇ-யின் கட்-ஆஃப் ஒரு கல்லூரியில் வருடா வருடம் இறங்கிக்கொண்டே வந்தால் காரணம் விசாரிக்க வேண்டும். ஆனால் கட்-ஆஃப் என்பது மக்கள் எங்கே ஓடுகிறார்கள் என்பதைக் காட்டுகிறது, அவ்வளவுதான். சென்னை, கோவை என்றாலே கொஞ்சம் கூடும். கம்ப்யூட்டர் சயின்ஸ் என்றால் இன்னும் கூடும்.

நாக் (கல்லூரிகளை மதிப்பிட்டுத் தரம் கொடுக்கும் தேசிய அமைப்பு) தரச்சான்று கல்லூரி முழுவதுக்கும் கொடுப்பது. என்பிஏ (தேசிய அங்கீகார வாரியம்) அங்கீகாரம் ஒவ்வொரு பாடப்பிரிவுக்கும் தனித்தனியாகக் கொடுப்பது. ‘என்பிஏ அங்கீகாரம் பெற்றது’ என்று வாசலில் எழுதியிருந்தால், இசிஇ-க்கு உண்டா, எந்த வருடம் வரை என்று கேளுங்கள்.

ஆசிரியர் விஷயத்தில்தான் நான் கொஞ்சம் கடுமையாக இருப்பேன். ஒரே ஆசிரியரை ஒரே சமயத்தில் பல கல்லூரிகள் தங்கள் கணக்கில் காட்டியிருந்தது 2024-இல் வெளியே வந்தது உங்களுக்கு நினைவிருக்கும். 20 மாணவருக்கு ஓர் ஆசிரியர் என்பது ஏஐசிடிஇ (பொறியியல் கல்லூரிகளுக்கு அனுமதி கொடுக்கும் மத்திய அமைப்பு) விதி. கல்லூரித் தளத்தில் துறையின் ஆசிரியர் பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டு, அங்கே மூன்றாம் வருடம் படிக்கும் ஒரு மாணவியிடம் ‘இதில் யார் யார் உங்களுக்கு வகுப்பெடுத்திருக்கிறார்கள்?’ என்று கேட்டுப் பாருங்கள். போன வருடம் இருந்தவர்களில் எத்தனை பேர் இந்த வருடமும் இருக்கிறார்கள் என்றும் கேளுங்கள். நல்லபடியாகப் பேர் எடுத்த கல்லூரிகள்கூட இப்போது கம்ப்யூட்டர் சார்ந்த பிரிவுகளில் இடங்களை ஏகத்துக்கும் கூட்டியிருக்கின்றன. 2024-25 முதல் ஏஐசிடிஇ இடங்களுக்கான உச்சவரம்பைத் தளர்த்தியதால் வந்த வினை. அதே வேகத்தில் ஆசிரியர்கள் வந்தார்களா என்பது வேறு விஷயம்.

கல்லூரியைப் பார்க்கப் போனால் வேலை நாளில் போங்கள். அட்மிஷன் அலுவலகத்தில் காபி கொடுத்து ஸ்மார்ட் வகுப்பறையைக் காட்டுவார்கள், பார்த்துவிட்டு வாருங்கள், தப்பில்லை. அப்புறம் எலக்ட்ரானிக்ஸ் லேபுக்குள் எட்டிப் பாருங்கள். ஆஸிலோஸ்கோப் மேல் பிளாஸ்டிக் உறை போட்டு தூசி படிந்திருக்கிறதா, இல்லை மேசையில் வயரும் பிரெட்போர்டும் இறைந்து கிடக்கிறதா? எனக்கு இரண்டாவது லேப்தான் பிடிக்கும்.

உள்ளூர்க் கல்லூரிக்கு பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம் என்று எழுதியிருந்தீர்கள். போக வர மூன்று மணி நேரம். பஸ் கிளம்பும் நேரத்தையும் கேளுங்கள். வகுப்பு முடிந்ததும் பஸ் கிளம்பிவிட்டால் சாயங்கால பிளேஸ்மென்ட் பயிற்சி, புராஜெக்ட், லைப்ரரி எல்லாம் ஹாஸ்டல் பிள்ளைகளுக்கு மட்டும்தான். பெண்பிள்ளையை வெளியூருக்கு அனுப்பத் தயங்குகிறீர்கள், புரிகிறது. அந்தத் தயக்கத்தோடு இந்த மூன்று மணி நேரத்தையும் சேர்த்து எடை போடுங்கள். நீங்கள் சொன்ன விவரங்களை வைத்து என்னைக் கேட்டால், கோவையின் இசிஇ-க்கு என்பிஏ இருந்தால் அது முதலிடம், அரசுக் கல்லூரி இரண்டாமிடம், உள்ளூர் மூன்றாமிடம். கோவை ஹாஸ்டல் செலவு கையைக் கடிக்கும் என்றால் யோசிக்காமல் அரசுக் கல்லூரியை மேலே ஏற்றுங்கள். அங்கே கட்டிடம் பழசாக இருக்கும். கட்டணம் மிகக் குறைவு, கூடப் படிக்கும் பிள்ளைகளும் நல்ல மார்க்கில் வந்தவர்கள்.

சாய்ஸ் நிரப்பும்போது ‘176-க்கு இது கிடைக்காது, எதற்கு வீணாக’ என்று மேலே உள்ளதை விட்டுவிடாதீர்கள். தரவரிசைப்படி உங்கள் முறை வரும்போது, நீங்கள் கொடுத்த வரிசையில் காலியாக உள்ள முதல் இடம்தான் ஒதுக்கப்படும். கிடைக்காததை மேலே வைப்பதால் கீழே உள்ளது பறிபோகாது. உண்மையான விருப்ப வரிசையிலேயே நிரப்புங்கள்.

தங்கை மகன் ஹைதராபாத்தில் ப்ளஸ் டூ படிப்பதாகவும் திருச்சி என்ஐடி (மத்திய அரசின் தேசிய தொழில்நுட்பக் கழகம்) அவன் கனவு என்றும் எழுதியிருந்தீர்கள். என்ஐடி-களில் பாதி இடம் சொந்த மாநிலத்துக்கு. ஆனால் அங்கே சொந்த மாநிலம் என்பது பன்னிரண்டாம் வகுப்பு தேர்ச்சி பெற்ற மாநிலம். அவன் தெலங்கானாக்காரனாகத்தான் கருதப்படுவான். திருச்சியில் வெளிமாநில இடங்களுக்குத்தான் போட்டியிட முடியும். டிஎன்இஏ-வில் அப்படி இல்லை; தமிழ்நாட்டைச் சேர்ந்த குடும்பம் என்பதற்கு இருப்பிடச் சான்று இருந்தால் விண்ணப்பிக்கலாம். இதைத் தங்கையிடம் இன்றைக்கே சொல்லுங்கள்.

உங்கள் வீட்டில் இதுவரை யாரும் பட்டதாரி இல்லை என்றால் முதல் பட்டதாரிச் சான்றுக்கு இ-சேவை மையத்தில் இந்த வாரமே விண்ணப்பியுங்கள். கல்விக் கட்டணச் சலுகை கவுன்சிலிங் மூலம் சேர்பவர்களுக்குத்தான். நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தால் கிடையாது. ஒரு குடும்பத்தில் ஒரு பிள்ளைக்கு மட்டும்தான் என்பதால் உறுதிமொழி கேட்பார்கள். மகள் ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவள் என்றால் 7.5 சதவீத உள் ஒதுக்கீடும் உண்டு; அதில் சேர்ந்தால் கட்டணத்தை அரசே ஏற்கிறது, மேலே நான் சொன்ன செலவுக் கணக்கே மாறிவிடும். நீங்கள் பள்ளியின் பெயரை எழுதவில்லை. அதை எழுதி அனுப்புங்கள், மீதியைப் பேசலாம்.